இளைஞர் தொண்டு அமைப்பில் நிதி திரட்டல் இயக்குநர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளைஞர்களுக்காக நடக்கும் தொண்டு அமைப்புகளில் நிதி திரட்டும் பொறுப்பை ஏற்கப் போகிறவர்களும், ஏற்றுச் சில மாதங்களே ஆனவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பல ஆண்டுகளாக இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு அப்படிச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

இந்தப் பதவியில் இருப்பவர் என்னதான் செய்கிறார்?

அமைப்பு நடக்கத் தேவையான பணம் யாரிடமிருந்து, எப்போது, எந்த நிபந்தனையோடு வரும் என்று திட்டம் போட்டு, அதை நடத்திக் காட்டுகிறார். தனிநபர் நன்கொடை, அறக்கட்டளை மானியம், வணிக நிறுவனங்களின் பங்களிப்பு, அரசு நிதி, நிகழ்ச்சிகள், உயில் மூலம் வரும் கொடை எல்லாம் இவர் மேற்பார்வையில் வரும். சிறிய அமைப்பு என்றால் ரசீது அனுப்புவதும் நன்றிக் கடிதம் எழுதுவதும்கூட இவரேதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் பணம் கேட்கும் வேலை என்று நினைக்கிறார்கள். கேட்பதற்குச் செலவாகும் நேரம் மிகக் கொஞ்சம். கேட்பதற்கு முன் தெரிந்துகொள்வதும், வாங்கிய பிறகு கணக்குச் சொல்வதும்தான் வேலை நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்.

மற்ற தொண்டு அமைப்புகளுக்கு நிதி திரட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஓர் இளைஞர் வளர எடுத்துக்கொள்ளும் காலமும் பணம் வந்து போகும் காலமும் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. இந்தத் தொழிலில் நான் கற்றதில் முக்கியமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 12 வயதில் உங்களிடம் வரும் பிள்ளை 20 வயதில் சொந்தக் காலில் நிற்க 8 ஆண்டுகள் ஆகும். மானியமோ பெரும்பாலும் ஓராண்டுக்கு வரும். நல்ல மனம் படைத்த அறக்கட்டளை என்றால் மூன்றாண்டுக்கு. அந்த எட்டு ஆண்டுகளையும் இந்தச் சிறு துண்டுகளைக் கொண்டு இடைவெளி விழாமல் இணைத்துக் கொடுப்பதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

இடைவெளி விழுந்தால் என்ன ஆகும்? 'உதவி கிடைக்காமல் போகும், அவ்வளவுதானே' என்று பலர் எண்ணுகிறார்கள். அவ்வளவோடு நிற்பதில்லை. பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பில் பெரியவர் ஒருவர் வழிகாட்டியாக ஒரு பிள்ளையோடு இணைக்கப்படுவார். அந்த உறவுகளை ஆராய்ந்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகிய இருவரும் 2002-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு அதிகப் பலன் கிடைத்திருந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில், பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே வைத்திருந்த மதிப்பு முன்பைவிடக் குறைந்துபோயிருந்தது. நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பாதியில் போனால் காயம் படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. உறவுகள் முறிவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் பணம் நின்றதால் ஊழியரை அனுப்பிவிட்டு ஒரு மையத்தை மூடும்போதும் நடப்பது இதேதான். அதனால் எவ்வளவு திரட்டினோம் என்பதற்கு முன், எத்தனை ஆண்டுக்கு உறுதி இருக்கிறது என்று கேட்கப் பழகுங்கள்.

வேறு சில வேறுபாடுகளும் உண்டு. பலன் தாமதமாகவே கண்ணுக்குத் தெரியும். பயன்பெறுபவர்களில் பலர் வயது நிரம்பாதவர்கள். தங்கள் பெயரில் என்ன சொல்லப்படுகிறது என்று தட்டிக் கேட்கும் நிலையில் இல்லாதவர்கள். இன்னொரு பக்கம், அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி, சம்பாதித்து, ஒருநாள் தாங்களே கொடையாளர்களாக வருவார்கள். அந்த மகிழ்ச்சி பெரும்பாலான தொண்டுத் துறைகளுக்கு வாய்ப்பதில்லை.

இது அண்மையில் முளைத்த தொழிலா?

இல்லை. சொல்லப்போனால் இளைஞர் அமைப்பிலிருந்துதான் இதன் நவீன வடிவமே பிறந்தது. 1844-ல் லண்டனில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உலகெங்கும் பரவியபோது எல்லா இடங்களிலும் கட்டடத்துக்குப் பணம் தேவைப்பட்டது. 1905-ல் வாஷிங்டனில் அப்படி ஒரு கட்டடத்துக்காகச் சார்லஸ் சம்னர் வார்ட், லைமன் பியர்ஸ் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். குறுகிய காலக்கெடு, குழுக்களாகப் பிரிந்து இறங்கும் தன்னார்வலர்கள், முன்கூட்டியே உறுதி செய்த பெரிய கொடைகள், நாளிதழ் விளம்பரம் என்று அவர்கள் வகுத்த முறை இன்றுவரை மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் பின்பற்றும் முறையாக இருக்கிறது.

இதற்கென்று படிப்பு வேண்டுமா?

கட்டாயமில்லை. ஹென்றி ரோஸோ 1974-ல் அமெரிக்காவில் நிதி திரட்டலுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. அனுபவம் உள்ளவர்களுக்கு சி.எஃப்.ஆர்.இ. என்ற சான்றிதழ் உண்டு. இருந்தால் நல்லது. நான் ஆள் எடுக்கும்போது மூன்றைத்தான் பார்ப்பேன்: தெளிவாக எழுதத் தெரிகிறதா, வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரிகிறதா, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை கேட்கத் தெரிகிறதா. மூன்றாவது இல்லாதவருக்கு முதல் இரண்டும் உதவுவதில்லை.

பணம் எந்த வழியில் அதிகம் வருகிறது? எதை நம்பலாம்?

அமைப்புக்கு அமைப்பு மாறும். ஆனாலும் பொதுவாகச் சில சொல்லலாம்.

அரசு நிதி பெரிய தொகையாக வரும், தாமதமாக வரும், ஆட்சியோ கொள்கையோ மாறினால் நின்றுவிடும். அறக்கட்டளை மானியம் குறிப்பிட்ட திட்டத்துக்கென்று வரும், அறிக்கை கேட்கும். நிறுவனங்களின் பங்களிப்பு அவர்கள் லாபத்தோடு ஏறி இறங்கும். நிகழ்ச்சிகள் ஊழியர்களின் உயிரை வாங்கும்; அவர்கள் உழைத்த நேரத்தையும் செலவில் சேர்த்தால் பல நிகழ்ச்சிகளில் மிஞ்சுவது மிகக் குறைவு. புது மனிதர்களை அறிமுகப்படுத்திக்கொள்ள நிகழ்ச்சி நடத்துங்கள், பணத்துக்காக அதை நம்பாதீர்கள்.

நான் நம்புவது மாதந்தோறும் சிறு தொகை தரும் தனிநபர்களை. ஒவ்வொருவரும் தருவது கொஞ்சம்தான். ஆனால் ஆயிரம் பேர் ஒரே மாதத்தில் மனம் மாறிவிட மாட்டார்கள். அந்தப் பணத்துக்கு நிபந்தனை கிடையாது. மின்கட்டணம் கட்டலாம், மானியம் தாமதமாகும் மாதத்தில் சம்பளம் கொடுக்கலாம். பிள்ளைகளின் எட்டு ஆண்டுக் கணக்கோடு ஓரளவாவது ஒத்துப்போவது இந்தப் பணம் ஒன்றுதான்.

எந்த ஒரே இடத்திலிருந்தும் மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்தால் எனக்குத் தூக்கம் வராது.

கையிருப்பு நிதி எதற்கு? பணம் வைத்துக்கொண்டு செலவழிக்காமல் இருந்தால் கொடையாளர்கள் கோபிக்க மாட்டார்களா?

கோபிப்பவர்களுக்குப் பிரிட்டனின் கிட்ஸ் கம்பெனி பற்றிச் சொல்லுங்கள். 1996-ல் தொடங்கி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் பெரும் புகலிடமாக வளர்ந்த அமைப்பு அது. அரசும் பெரிய மனிதர்களும் பணம் கொடுத்தார்கள். 2015 ஆகஸ்டில் திடீரென மூடப்பட்டது. அறங்காவலர்களைப் பதவித் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021-ல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே சமயம், நன்கொடையையும் மானியத்தையுமே பெரிதும் சார்ந்து, மிகக் குறைந்த கையிருப்போடு இயங்கியது ஆபத்தான முறை என்று, தொண்டு அமைப்புகளைக் கண்காணிக்கும் அறக்கட்டளை ஆணையம் 2022-ல் சுட்டிக்காட்டியது. நல்ல எண்ணம் குறைவாக இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் கதவு மூடிய அன்று வாசலில் நின்றவர்கள் பிள்ளைகள்.

குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு இருந்தால் நிம்மதி. எதற்காக வைத்திருக்கிறோம் என்பதை ஆண்டறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

கையேந்துவது இழிவு என்ற எண்ணத்தோடு வளர்ந்த எல்லோருக்கும் இந்தக் கூச்சம் வரும். உங்களுக்காகக் கேட்கவில்லை என்று பலரும் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவாக உதவியதில்லை. உதவியது வேறு: கேட்கும் முன்பே அந்த மனிதருக்கு எதில் அக்கறை என்று நன்றாகத் தெரிந்துவைத்திருப்பது. தன் இளமையில் படிப்பைப் பாதியில் விட நேர்ந்த ஒருவரிடம், அப்படிப் பாதியில் நிற்கும் பிள்ளைகளை மீண்டும் வகுப்பில் சேர்க்கும் திட்டத்தைப் பற்றிப் பேசப் போகும்போது, அவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைச் செய்ய வழி காட்டப் போகிறீர்கள். அக்கறையே இல்லாதவரிடம் போனால் கூச்சம் வரத்தான் செய்யும், வருவதும் சரிதான்.

இன்னொன்று: நீங்கள் முதலில் கொடுங்கள். தொகை சிறியதாக இருக்கட்டும். தானே கொடுக்காத ஒன்றுக்கு இன்னொருவரிடம் கேட்கும்போது குரல் தழுதழுக்கும்.

பெரிய தொகையை எப்படிக் கேட்பது?

நேரில், ஒரு குறிப்பிட்ட தொகையை, ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக. 'உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்' என்று சொல்லாதீர்கள். அது பணிவாகத் தோன்றும். உண்மையில் கணக்குப் போடும் சுமையை அவர் தலையில் ஏற்றிவிடுகிறீர்கள். 'இந்த மையத்தை மூன்று ஆண்டுகள் நடத்த இவ்வளவு ஆகும். முதல் ஆண்டுச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதைப் பற்றி யோசிப்பீர்களா?' என்று கேளுங்கள். கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மௌனம் தாங்காமல் தாங்களே தொகையைக் குறைத்துவிடுகிறார்கள். அவர் யோசிக்கிறார், யோசிக்கட்டும்.

போவதற்கு முன் நீண்ட தயாரிப்பு இருக்கும். பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சிக்கு ஒருமுறை வந்திருப்பார், ஊழியர் ஒருவரோடு பேசியிருப்பார், ஒரு திட்டத்தைப் பற்றி அவருடைய கருத்தை நீங்கள் கேட்டு வாங்கியிருப்பீர்கள். அறிமுகத்திலிருந்து பெரிய கொடை வரை ஓராண்டு, இரண்டாண்டு ஆவது சாதாரணம். இதை உங்கள் நிர்வாகக் குழுவுக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

'இல்லை' என்றால் எதற்கு இல்லை என்று பொறுமையாகக் கேளுங்கள். தொகைக்கா, திட்டத்துக்கா, இந்த நேரத்துக்கா? மூன்றும் வெவ்வேறு பதில்கள்.

பிள்ளைகளின் கதையையும் படத்தையும் பயன்படுத்தலாமா?

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லும் யாரையும் நான் நம்புவதில்லை.

ஒரு தனி மனிதரின் கதை பணம் கொண்டுவரும் என்பது உண்மை. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பட்டினியால் வாடும் இலட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட, ஒரே ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது கொடை குறைந்தது. இதைப் படித்த நிதி திரட்டுபவர்கள் உடனே ஒரு பிள்ளையைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஆனால் 14 வயதில் 'குடிகாரத் தகப்பனிடமிருந்து மீண்ட பையன்' என்று இணையத்தில் ஏறிய படம், அவன் 24 வயதில் வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போதும் அங்கேயே இருக்கும். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989-ல் நிறைவேறியது. அதன் 16-ஆம் பிரிவு பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கிறது. 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. ஐரோப்பியத் தன்னார்வ அமைப்புகளின் கூட்டமைப்பான கான்கார்ட் 2006-ல் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகளும், படமெடுக்கப்படுபவரின் கண்ணியத்தையே முதலில் வைக்கின்றன.

நான் கடைப்பிடிப்பது இவை. பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. பிள்ளையிடமே, அதற்குப் புரியும் மொழியில், படம் எங்கே வரும், யார் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பவர் அந்தப் பிள்ளைக்கு உதவி வழங்குபவராக இருக்கக் கூடாது. இருந்தால் 'முடியாது' என்று சொல்லப் பிள்ளைக்குத் துணிவு வராது. சம்மதத்துக்கு ஓராண்டு ஆயுள். மறு ஆண்டு மறுபடி கேட்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடச் சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதியதை அச்சுக்குப் போகும் முன் பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும். பெயர், பள்ளி, ஊர் மூன்றும் ஒன்றாக வரவே கூடாது.

அதைவிட நல்ல வழி, 25 வயதைக் கடந்த பழைய மாணவர்களைத் தங்கள் கதையைத் தாங்களே சொல்லக் கேட்பது. என்ன சொல்வது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் வயதும் தெளிவும் அவர்களுக்கு இருக்கிறது. அழுகை குறைவாக இருக்கும். கேட்பவர்கள் மனதில் நிலைக்கும்.

கொடையாளர் ஒருவர் தான் உதவும் பிள்ளையைத் தனியாகச் சந்திக்க விரும்புகிறார். மறுத்தால் கொடை போய்விடும். என்ன செய்வது?

மறுத்துவிடுங்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை. அவர் எவ்வளவு நல்லவர், எவ்வளவு தருகிறார், நிர்வாகக் குழுவில் யாருக்கு வேண்டியவர் என்பதெல்லாம் கணக்கில் வராது. பெரியவர் எவரும் தனியாகப் பிள்ளையைச் சந்திக்கக் கூடாது, தொலைபேசி எண் பரிமாறக் கூடாது, பரிசு நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்ற விதிகளை எழுத்தில் வைத்து, கொடையாளருக்கு முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிட்டால் பிறகு சங்கடம் இருக்காது. நல்ல கொடையாளர் இதைக் கேட்டு மகிழ்வார். கோபப்படுபவரைப் பற்றி அமைப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு அன்றே தெரிவியுங்கள்.

பணத்தையே மறுக்க வேண்டிய வேறு தருணங்களும் வரும். இளைஞர்களுக்குப் புகையிலை, மது, சூதாட்டம் விற்பவரின் பணம் ஓர் உதாரணம். எந்தப் பணத்தை வாங்குவோம், எதை வாங்க மாட்டோம் என்ற கொள்கையைக் காசோலை மேசைக்கு வரும் முன்பே நிர்வாகக் குழு எழுதி நிறைவேற்றி வைக்க வேண்டும். காசோலையைப் பார்த்த பிறகு எழுதும் கொள்கை வளைந்துதான் இருக்கும்.

'நான் தரும் பணம் முழுவதும் பிள்ளைகளுக்கே போக வேண்டும்' என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அவர் அக்கறையில்தான் கேட்கிறார். அங்கிருந்தே தொடங்குங்கள். பிறகு, பிள்ளையோடு தினமும் உட்கார்ந்து பேசும் ஊழியரின் சம்பளம், அவருக்குப் பயிற்சி, அவரை வேலைக்கு எடுக்கும் முன் பின்புலம் விசாரிக்கும் செலவு, மையத்தின் வாடகை, கணக்குத் தணிக்கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இதில் எது பிள்ளைக்குப் போகாத பணம் என்று அவரிடமே கேளுங்கள். பின்புல விசாரணையை வெட்டி மிச்சம் பிடிக்கச் சொல்லும் கொடையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

2009-ல் ஆன் காகின்ஸ் கிரிகரி, டான் ஹவர்ட் இருவரும் இதன் பின்னால் சுழலும், அமைப்புகளையே பட்டினி போடும் சக்கரத்தை விளக்கி எழுதினார்கள். கொடையாளர் நிர்வாகச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அமைப்பு அதற்கேற்பக் குறைத்துக் காட்டும். அந்தப் பொய்யான குறைந்த தொகையே அடுத்த கொடையாளரின் எதிர்பார்ப்பாகிவிடும். தொண்டு அமைப்புகளை மதிப்பிட்டுச் சொல்லும் கைடுஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றும் 2013-ல் ஒரு திறந்த கடிதம் வெளியிட்டன. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடைபோடாதீர்கள் என்பது அதன் வேண்டுகோள். அந்தக் கடிதத்தை நான் பல கூட்டங்களுக்கு எடுத்துப் போயிருக்கிறேன்.

நிபந்தனையில்லாமல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கச் செல்வந்தர் மெக்கன்சி ஸ்காட் 2022-ல் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்புக்கு 12.26 கோடி டாலரும், அமெரிக்காவின் பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் கிளப் அமைப்புக்கும் அதன் கிளைகளுக்கும் சேர்த்து 28.1 கோடி டாலரும் கொடுத்தார். எதற்குச் செலவிடுவது என்பதை அந்த அமைப்புகளே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டார். உங்கள் கொடையாளரிடம் இதைச் சொல்வது தொகையைக் காட்டி மலைக்க வைக்க அல்ல, நம்பிக்கை வைத்துக் கொடுப்பதும் ஒரு முறைதான் என்று காட்ட.

திரட்டும் தொகையில் சதவீதம் வைத்துச் சம்பளம் வாங்கலாமா?

கூடாது. நிதி திரட்டுபவர்களின் தொழில்முறைச் சங்கமான ஏ.எஃப்.பி. 1964 முதல் வைத்திருக்கும் ஒழுக்க நெறிகள் இதைத் தடுக்கின்றன. சதவீதம் என்று வந்துவிட்டால், இன்று சிறு தொகை தந்து பத்தாண்டு கூட வரக்கூடிய மனிதரை விட்டுவிட்டு, இன்றே பெரிய தொகை தருபவரை நெருக்கத் தோன்றும். நிலையான, நியாயமான சம்பளம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஒருமுறை கொடுத்தவர்கள் ஏன் மறுபடி வருவதில்லை?

அமெரிக்காவில் பல ஆண்டுகளாகத் தொகுக்கப்படும் தரவுகளின்படி, ஓர் அமைப்புக்கு முதன்முறை கொடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவரே அடுத்த ஆண்டும் கொடுக்கிறார். புதியவரைத் தேடிச் சேர்க்க ஆகும் செலவு பல சமயம் அவர் தரும் முதல் நன்கொடையையே தின்றுவிடும். ஆக, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பதுதான் பல அமைப்புகளில் நடக்கிறது.

அவர்கள் விலகுவதற்குக் கல்நெஞ்சம் காரணமில்லை. கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அடுத்து வந்த கடிதம் மறுபடி பணம் கேட்டது. இரண்டு நாளுக்குள் நன்றி சொல்லுங்கள். அவர் பெயரைச் சரியாக எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, எதுவும் கேட்காமல், பணம் என்ன செய்தது என்று நாலு வரி எழுதுங்கள். திட்டம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அப்படி எழுதிய கடிதங்களுக்கு எனக்கு வந்த பதில்கள் வெற்றிச் செய்திகளுக்கு வந்ததைவிட நீளமானவை.

சமூக ஊடகத்தில் ஒரு பெரிய அலையைக் கிளப்பினால் எல்லாப் பிரச்சினையும் தீராதா?

2014 கோடையில் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் சவால், ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் கொண்டுவந்தது உண்மை. அதை அந்தச் சங்கம் தொடங்கவில்லை என்பதும் உண்மை. திட்டமிட்டு வரவழைக்க முடியாத ஒன்றை வரவு செலவுத் திட்டத்தில் எழுத முடியாது. 2012-ல் நியூயார்க்கில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் 'கிவிங் டியூஸ்டே' என்ற கொடை நாள் போன்ற நாட்களில் கலந்துகொள்ளுங்கள். ஆனால் அன்று வந்த புதியவர்களை மறுநாளிலிருந்து யார் கவனிப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

நிர்வாகக் குழு உறுப்பினர்கள் 'அது உங்கள் வேலை' என்று ஒதுங்குகிறார்கள்.

ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். பணம் கேட்கச் சொல்லாதீர்கள். மூன்று பேரை அறிமுகப்படுத்த முடியுமா, கொடையாளர்களுக்கு நன்றி சொல்லித் தொலைபேசியில் பேச முடியுமா என்று கேளுங்கள். நன்றி சொல்லும் அழைப்பில் யாருக்கும் கூச்சம் இல்லை. நாலு அழைப்பு பேசியவர் ஐந்தாவதாக உங்களோடு ஒரு சந்திப்புக்கு வரவும் சம்மதிப்பார். ஆனால் உறுப்பினர் ஒவ்வொருவரும் தன்னால் இயன்றதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அறக்கட்டளைகள் அதைக் கேட்கும்.

இளைஞர்களையே நிதி திரட்ட அனுப்பலாமா?

அவர்கள் விரும்பினால், அவர்களே திட்டமிட்டால், நல்ல பயிற்சி. கொடையாளர் முன் நிறுத்தி நன்றி சொல்ல வைப்பது வேறு. அதைச் செய்யாதீர்கள். எந்தத் திட்டத்துக்குப் பணம் கேட்கலாம் என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர்களில் இருவருக்கு நாற்காலி போடுங்கள். அவர்கள் சொல்வது உங்கள் விண்ணப்பத்தையே மாற்றிவிடும், பலமுறை மாற்றியிருக்கிறது.

ஏன் பலர் இந்த வேலையைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள்?

காம்பஸ்பாயிண்ட் நிறுவனம் 2013-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், நிதி திரட்டல் இயக்குநர்களில் பாதிப் பேர் இரண்டு ஆண்டுக்குள் வேலையை விடப் போவதாகச் சொன்னார்கள். காரணம் சோர்வு மட்டுமல்ல. தரவுத்தளம் இருக்காது, உதவிக்கு ஆள் இருக்காது, தலைமை சந்திப்புகளுக்கு வராது. ஆனால் இலக்கு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இதற்கு முன் இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார், ஏன் போனார் என்று கேளுங்கள். அமைப்பின் தலைவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் நிதிக்காக ஒதுக்குவார் என்று கேளுங்கள். 'அதற்குத்தானே உங்களை எடுக்கிறோம்' என்று பதில் வந்தால் யோசியுங்கள். நீங்கள் 18 மாதத்தில் போய்விட்டால் உங்களோடு வளர்ந்த உறவுகளும் அறுந்து, மறுபடி மையங்களுக்குப் பண இடைவெளி விழும்.

விலகும்போது கொடையாளர் பட்டியலை எடுத்துச் செல்லலாமா?

கூடாது. அந்த உறவுகள் அமைப்புக்குச் சொந்தம். தொழிலின் ஒழுக்க நெறிகளும் அதையே சொல்கின்றன. வேலையில் இருக்கும்போதே ஒவ்வொரு சந்திப்பையும் அன்றன்றே பதிவு செய்யுங்கள். எந்தக் கொடையாளருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம், எந்த அறிக்கை எந்தத் தேதிக்குள் போக வேண்டும், எந்த மானியம் எந்த மாதம் முடிகிறது, அது முடிந்தால் எந்த மையம் பாதிக்கப்படும் என்பதைத் தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். புதியவர் சேர்ந்திருந்தால் முக்கியமான கொடையாளர்களிடம் நீங்களே அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துங்கள். இன்னும் சேரவில்லை என்றால், அவர் வரும்வரை கொடையாளர்கள் யாரிடம் பேச வேண்டும் என்று பெயரும் எண்ணும் கொடுத்துவிட்டு வாருங்கள்.